கார்டில் ஐம்பது நிமிடம், காதில் இருபத்து மூன்று

ஹட்டன் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போய்க் கேட்டாலும், ஒரு லயத்தில் ஒரு வீட்டிலிருந்தாவது யாரோ வெளிநாட்டில் இருப்பாங்க. சவூதி, குவைத், துபாய், கட்டார், லெபனான், ஜோர்தான். அம்மா, சித்தி, அக்கா. சில வீடுகளில் மூன்று பேருமே. அவர்கள் அனுப்பும் காசைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தக் காசில் போட்ட தகரக் கூரை, வாங்கின ஆட்டோ, தவறணையில் கரைந்த மாதங்கள் என்று எல்லாவற்றுக்கும் கதை இருக்கிறது. ஆனால் நம்மோடு பேசுவதற்காகவே அவர்கள் செலவழித்த காசைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் காசைப் பற்றியது. 'நிமிடத்துக்கு இவ்வளவுதான்' என்று கூவி விற்கப்படும் மலிவு கோல்களை எப்படி எடைபோடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2009இல், அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாங்க. அந்த வருடம் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 405 ரூபா. அம்மா ஏன் போனாங்க என்று அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. எங்கள் லயம் பள்ளத்தில் இருந்ததால் மொபைலுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மூன்று காம்பரா தள்ளி ஒரு மாமா வீட்டில் கூரைமேல் ஏரியல் கட்டின சீடிஎம்ஏ போன் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கே கோல் வரும். மாமா வாசலில் நின்று கூப்பிடுவார். எங்கள் வீடே இஸ்தோப்பைத் தாண்டி ஓடும்.

பேசுவதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் அப்பா: காசு வந்ததா, சீட்டுக் கட்டியாச்சா. பிறகு பாட்டி: சாப்பிட்டியா, அடிக்கிறாங்களா. பிறகு நான்: படிப்பு, பரீட்சை. கடைசியாகத் தம்பி. அவனுக்கு அப்போது நாலு வயது. அவன் கையில் போன் வரும்போது பெரும்பாலும் கார்டில் காசு முடிந்திருக்கும். ஹலோ என்று சொல்லி முடிக்க முன்னமே 'டொக்' என்று அறுந்துவிடும். "அம்மா கோவமா வச்சிட்டாங்க" என்று அழுவான். கார்ட் முடிஞ்சிருச்சு என்று எத்தனை தரம் சொன்னாலும் நாலு வயதுப் பிள்ளைக்கு அது விளங்குமா? அவனைப் பொறுத்தவரை அம்மா எல்லாரோடும் பேசுவாங்க, அவனோடு மட்டும் பேசமாட்டாங்க.

அம்மா 2014இல் திரும்பி வந்தாங்க. கொண்டுவந்த சாமான்களுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பாஸ்போர்ட், ஒப்பந்தக் கடதாசி, இறப்பர் பட்டி போட்டுக் கட்டின பழைய டெலிபோன் கார்டுகள் ஒரு கட்டு. நாணயத்தால் சுரண்டின வெள்ளிப் பட்டைகள். முகப்பில் சிரிக்கும் பெண், தென்னை மரம், இலங்கைக் கொடி. எத்தனை நிமிடம் என்ற பெரிய எண். சிலதில் தமிழிலும் சிங்களத்திலும் வாழ்த்து. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து, அதுவும் அரபியிலும் இங்கிலீஷிலும் மட்டும். வாக்குறுதி நம்ம மொழியில், நிபந்தனை அவங்க மொழியில். அம்மா எதற்கு அதையெல்லாம் சேர்த்துவைத்தாங்க என்று கேட்டேன். "பேசினதுக்குக் கணக்கு வேணாமா" என்றாங்க. ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் பேனாவால் நிமிடங்களை எழுதியிருந்தாங்க. எந்தக் கார்டிலும் முகப்பில் இருந்த எண்ணும் ஓரத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. பல கார்டுகளில் பாதிகூட இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒரே வார்த்தையில் முடித்தாங்க: "அது நெறுவை மாதிரித்தான்டி."

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டும் எடை முழுவதும் கணக்கில் ஏறாது. மழை ஈரத்துக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். கழித்த பிறகு அன்றைய கிலோ குறைந்தால் முழுப் பேர் கிடைக்காது, அரைப் பேர்தான். கூடையைத் தூக்கின முதுகுக்குத் தெரியும் எடை ஒன்று, செக்ரோலில் ஏறும் எடை இன்னொன்று. இது பல தலைமுறைக் கோபம். பாட்டி சொன்னது, டெலிபோன் கார்டிலும் அதே வேலைதான் நடக்கிறது என்று. பாட்டி சொன்னது சரி என்று இலக்கம் போட்டுக் காட்ட எனக்குக் கெம்பஸில் பொருளியல் படிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கணக்கு சுலபமாக இருக்க ஒரு கார்டைக் கற்பனை செய்வோம். விலை 10 டொலர், அதாவது 1,000 சதம். இலங்கைக்கு நிமிடத்துக்கு 20 சதம். அப்படியென்றால் 50 நிமிடம். முகப்பில் அந்த எண்தான் பெரிதாக இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தில் மூன்று விஷயம். ஒன்று, ஒவ்வொரு கோலுக்கும் இணைப்புக் கட்டணம் 60 சதம். இரண்டு, நேரம் 3 நிமிடக் கட்டுகளாகக் கணக்கெடுக்கப்படும். 4 நிமிடம் பேசினால் 6 நிமிடக் காசு. மூன்று, வாரத்துக்கு ஒரு தரம் பராமரிப்புக் கட்டணம் 100 சதம்.

இப்போது வீட்டு வேலைக்குப் போன ஒரு அம்மா இதை வைத்துப் பேசுகிறாங்க. முதல் கோல் 7 நிமிடம். கார்ட் அதை 9 என்று எடுக்கும்: 180 சதம், இணைப்புக்கு 60, மொத்தம் 240. இரண்டாவது கோல் ஒரு நிமிடத்தில் அறுந்துவிட்டது. அது 3 நிமிடக் கணக்கு: 60, இணைப்புக்கு 60, மொத்தம் 120. மூன்றாவது 4 நிமிடம், இணைப்போடு 180. நான்காவது 5 நிமிடம், அதுவும் 180. இதற்குள் ஒரு வாரம் முடிந்து 100 சதம் கழிகிறது. இதுவரை 820 போய்விட்டது. மீதி 180இல் இணைப்புக்கு 60 போக, 6 நிமிடம் பேசலாம். கார்ட் முடிந்தது. பேசின நேரம் 7, 1, 4, 5, 6. கூட்டினால் 23 நிமிடம். நிமிடத்துக்கு 20 சதம் என்று வாங்கினது உண்மையில் 43 சதத்துக்கு மேல் போயிருக்கிறது.

அதே கார்டை ஒரே மூச்சில் பேசித் தீர்த்தால் என்ன ஆகும்? ஒரே ஒரு இணைப்புக் கட்டணம், வாரக் கழிவு இல்லை. 45 நிமிடம் கிடைக்கும். கார்ட் ஒன்றுதான், விலை ஒன்றுதான். ஒருவருக்கு 45, இன்னொருவருக்கு 23. இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கார்டின் விளம்பரக் கணக்கு, சோபாவில் சாய்ந்து முக்கால் மணித்தியாலம் பேச நேரம் இருக்கும் ஆளுக்குப் போட்ட கணக்கு. வீட்டு வேலைக்குப் போனவங்க அப்படிப் பேசுவதில்லை. மெடம் குளிக்கப் போன ஐந்து நிமிடம், பாபா தூங்கின ஆறு நிமிடம், குப்பை கொட்டப் போகும் வழியில் இரண்டு நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் அவங்க நேரம் கிடைக்கும். துண்டாகப் பேசுகிறவரிடம்தான் கார்ட் கூடுதலாக வெட்டுகிறது.

பொருளியலில் இதற்கு இரு பகுதிக் கட்டணம் என்று பெயர். நுழைவதற்கு ஒரு காசு, பிறகு அளவுக்கு ஒரு காசு. நம்ம வீட்டுக் கரண்ட் பில்லும் அப்படித்தான்: நிலையான கட்டணம் தனி, அலகுக்குத் தனி. அதில் தப்பில்லை, இரண்டும் பில்லில் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். கார்டில் ஒரு பகுதி பெரிய எழுத்தில் இருக்கிறது, மற்றது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அதுதான் பிரச்சினை. இது நம்ம ஆட்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், குடியேறிகளைக் குறிவைத்து கார்ட் விற்ற நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. ஆணையம் கார்டுகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தபோது, விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களில் சராசரியாகப் பாதியளவுதான் கிடைத்தது. அங்கே மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் பேசின தொழிலாளிகள், இங்கே பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பேசின தொழிலாளிகள். கழிவு ஒரே மாதிரித்தான்.

அப்போ 20 சதக் கார்டை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 30 சதம் என்று சொல்லும் கார்டை வாங்கலாமா? அதில் இணைப்புக் கட்டணம் இல்லை, வாரக் கழிவு இல்லை, நிமிடம் நிமிடமாகத்தான் கணக்கு என்றால், 10 டொலருக்கு 33 நிமிடம் கிடைக்கும். அதை எத்தனை துண்டாக வெட்டிப் பேசினாலும் அவ்வளவும் கிடைக்கும். 'விலை கூடின' கார்ட் இந்த அம்மாவுக்கு 10 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. பத்து நிமிடம் என்றால் என்ன தெரியுமா? வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளையின் முறை.

காசுக் கணக்கு ஒரு பக்கம், கோல் எந்த வழியாக வருகிறது என்பது இன்னொரு பக்கம். கார்ட் விற்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் சொந்தமாக வயரோ டவரோ கிடையாது. பெரிய தொலைபேசி நிறுவனங்களிடம் நிமிடங்களை மொத்தமாக வாங்கி, துண்டு போட்டு விற்கிற வியாபாரம் அது. மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், மூலைக் கடை என்று ஒவ்வொரு கையிலும் ஒரு லாபம் நிற்கும். இலங்கையில் வெளிநாட்டுக் கோல்களுக்கான தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரைக்கும் சிறிலங்கா டெலிகொம்மிடம்தான் இருந்தது. அடுத்த வருடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டுக் கோல்களைக் கையாள அனுமதிப்பத்திரம் கொடுத்தது. போட்டி வந்ததும் விலை விழுந்தது. அது நல்லதுதான். ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ள வழியில் வந்தால், உள்ளே வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இங்கே ஒரு தொகை கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் தப்பிக்க இன்னொரு வழி உருவானது.

அந்த வழியை நீங்களும் பார்த்திருப்பீங்க. அம்மா குவைத்தில் இருந்து பேசுறாங்க, ஆனால் போனில் காட்டுவது 077 அல்லது 075 என்று தொடங்கும் ஒரு உள்ளூர் நம்பர். திருப்பி எடுத்தால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும், அல்லது அப்படி ஒரு நம்பரே பாவனையில் இல்லை என்று வரும். நடப்பது இதுதான்: கோல் இணையம் வழியாக இலங்கைக்கு வருகிறது. இங்கே ஒரு அறையில் பல சிம் கார்டுகள் செருகின பெட்டி ஒன்று இருக்கும். அந்தப் பெட்டி ஒரு சிம்மில் இருந்து உங்கள் நம்பருக்கு உள்ளூர்க் கோல் எடுத்து, இரண்டையும் கோர்த்துவிடும். சிம் பெட்டி என்று இதைச் சொல்வார்கள். சட்டவிரோதம். அதனால்தான் மலிவு. அதனால்தான் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும், நாம் சொன்னது இரண்டு செக்கன் கழித்துத்தான் போய்ச் சேரும், கம்பனி அந்த சிம்மைக் கண்டுபிடித்து முடக்கினால் நடுப் பேச்சில் அறுந்தும் போகும். சில வழிகளில், இந்தப் பக்கம் யாரும் போனைத் தூக்க முன்னமே, மணி அடிக்கும்போதே காசு ஓடத் தொடங்கிவிடும். மேலே போட்ட கணக்கில் 'ஒரு நிமிடத்தில் அறுந்த கோல்' என்று ஒன்று இருந்ததே, அது தற்செயல் இல்லை. மலிவு வழியின் விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

அறுந்தால் யாரிடம் கேட்பது? நம்ம ஆணைக்குழு தான் அனுமதி கொடுத்த நிறுவனத்தைத்தான் கேட்கும். கார்ட் வாங்கினது குவைத்தில். அந்த நாட்டு அதிகாரியிடம் போய் முறையிட, வீட்டை விட்டு வெளியே போகவே அனுமதி இல்லாத ஒரு பெண்ணால் முடியுமா? கார்டில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை நம்பருக்கு எடுத்தால் அதற்கும் கார்டில் இருந்தே காசு கழிந்ததாக அம்மா சொன்னாங்க. காசு போன இடமும் குரல் அறுந்த இடமும் இரண்டு நாட்டில். நடுவில் நின்று பதில் சொல்ல ஆள் இல்லை.

"இதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாம் வட்ஸ்அப்தானே" என்று நீங்கள் சொல்லலாம். பாதி சரி. ஐ.எம்.ஓ. வந்த பிறகு எங்கள் லயத்தில் பாட்டிமார்கூட வீடியோவில் பேத்தியைப் பார்க்கிறாங்க. ஆனால் எல்லா நாட்டிலும் அது நடக்காது. சவூதி அரேபியா இணையக் கோல்கள் மேல் இருந்த தடையை 2017 செப்டெம்பரில்தான் தளர்த்தத் தொடங்கியது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் சாதாரண வட்ஸ்அப் கோல் போகாது என்பது துபாயில் ஆள் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். அங்கே 2018இல் எடிசலாட் நிறுவனம் பொட்டிம் போன்ற அனுமதிக்கப்பட்ட செயலிகளில் பேச மாதம் 50 திர்ஹம் பெக்கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தது. செயலி இலவசம், அதற்குள் பேசக் காசு.

இலவசமாகக் கிடைக்கும் இடத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது: வைஃபை யாருடையது? பெரும்பாலும் வேலை செய்கிற வீட்டுடையது. மெடம் பாஸ்வேர்டை மாற்றினால் இலவசம் முடிந்தது. நம்ம பக்கத்திலும் முடியும். 2018 மார்ச்சில் கண்டியில் வன்செயல் நடந்தபோதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் அரசாங்கம் ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் சில நாட்களுக்கு மறித்தது. பயத்தில் அம்மாவின் குரல் மிகவும் தேவைப்பட்ட நாட்கள் அவை. அன்றைக்கு உதவினது சாதாரணக் கோலும், அதற்கென்று எடுத்துவைத்த கொஞ்சக் காசும்தான்.

போன வருடம் பெரியம்மாவின் மகள், எங்களுக்கு அக்கா, துபாய்க்குப் போனாங்க. போய் ஒரு வாரத்திலேயே ஃபேஸ்புக்கில் தமிழில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒன்று 'இலங்கைக்கு அரை விலை' என்றது. இன்னொன்று 'மாதம் முழுக்க அன்லிமிட்டட்' என்றது. எதை எடுக்க என்று அக்கா கேட்டாங்க. நான் விலையைப் பார்க்க முன்னம் அக்காவிடமே சில கேள்விகள் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பேச முடியும்? ஒரு தரம் எவ்வளவு நேரம்? வைஃபை உங்க கையிலா, மெடம் கையிலா? இந்தப் பக்கம் எடுக்கும் ஆளிடம் டேட்டா இருக்கா, சாதாரண பட்டன் போனா? அக்காவின் பதில்: இரவில் ஒரு பத்து நிமிடம், பகலில் இரண்டு தரம் மூன்று மூன்று நிமிடம், பெரியம்மாவிடம் பட்டன் போன். அப்படியென்றால் எங்களுக்கு வேண்டியது இணைப்புக் கட்டணம் இல்லாத, சாதாரண நம்பருக்குப் போகிற ஒன்று. 'அன்லிமிட்டட்' செயலியிலிருந்து செயலிக்கு மட்டும்தான் என்பது நிபந்தனையைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பட்டன் போனுக்கு அது எதற்கு?

பிறகு, இருப்பதிலேயே சின்னத் தொகைக்கு ஒரு தரம் மட்டும் வாங்கச் சொன்னேன். பேச முன்னம் மீதியைப் பார்த்து எழுதுங்க, கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிடம் பேசுங்க, வைத்துவிட்டு மறுபடி மீதியைப் பாருங்க. இரண்டு நாள் பேசாமல் விட்டு இன்னொரு தரம் பாருங்க, சும்மா இருக்கும்போது கழியுதா என்று தெரியும். இங்கே போனில் என்ன நம்பர் விழுகிறது என்று நாங்கள் பார்த்தோம். முதலில் எடுத்ததில் 075 நம்பர் ஒன்று விழுந்தது. நாலு நிமிடத்துக்கு ஆறு நிமிடக் காசு போயிருந்தது. அதோடு அதை விட்டாச்சு. இரண்டாவதில் வெளிநாட்டு நம்பர் ஒழுங்காக விழுந்தது, கணக்கும் ஒத்தது. நிமிட விலை முதலாவதைவிடக் கூட. அக்கா அதைத்தான் வைத்திருக்கிறாங்க.

வெளிநாடு போக முன்னம் பணியகத்தின் பயிற்சியில் வோஷிங் மெஷின் போட, அயர்ன் பண்ண, நாலு அரபுச் சொல் பேசச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சப் ஏஜென்ட் மெடிக்கல், பாஸ்போர்ட், விசா என்று எல்லாவற்றுக்கும் அலைகிறார். வீட்டுக்குப் பேசும் கணக்கை உட்கார்ந்து சொல்லித்தர அந்த வரிசையில் ஆள் இல்லை. அந்த வேலைக்கு டிகிரி வேண்டாம். ஓ.எல். படித்த எந்தத் தம்பி தங்கச்சிக்கும் இந்தக் கூட்டல் கழித்தல் முடியும். உங்கள் லயத்தில் அடுத்து யாராவது போகிறாங்க என்றால், சூட்கேஸ் கட்டும் நாளில் ஒரு அரை மணித்தியாலம் எடுங்க. ஒரு சின்னக் கொப்பியில் மூன்று கோடு போட்டுக் கொடுங்க: பேசின நேரம், கழிந்த காசு, இங்கே விழுந்த நம்பர். முதல் மாதம் மட்டும் அவங்க அதை நிரப்பினால் போதும். நெறுவையில் என்ன கழிகிறது என்று தெரிந்தால்தான் தராசுக்காரனிடம் கேட்கவும் முடியும், வேறு தராசுக்குப் போகவும் முடியும்.